மலைப் பாதையில் இரட்டை வில் மிதிவண்டி

பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணி சமவெளியில் அமைந்த ஊர். அங்கே பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரச் சாதாரண மிதிவண்டியே போதும். ஆனால் ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி பிறக்கும் இடம் மேற்கேயுள்ள ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை 500 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அச்சாலையை விட்டு ஒரு மலைக் கிராமத்து மண்பாதையில் திரும்பினால் உருள்கற்களும் வேர்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் குறுக்கிடும். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி அங்கே தடுமாறுகிறது.

இதற்கு மருந்தாகக் கடைக்காரர் காட்டுவது ‘டபுள் ஷாக்’ வண்டி. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் வில் அமைப்பு உடையது. நாம் இருக்கையை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறோம். மெத்தை போல அமுங்கினால் நல்ல வண்டி என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் மென்மையாக அமுங்குவது வேறு; மலைப் பாதையில் நன்றாக ஓடுவது வேறு. வேறுபாட்டை அறியாவிட்டால் பணம் வீணாகும். இறக்கத்தில் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

கல்லின் மேல் ஏறும்போது நடப்பது என்ன?

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். அதில் ஏறக்குறைய 48 கிலோகிராம் பின்சக்கரத்தின் மேல் இருக்கும். வில் இல்லாத வண்டியின் பின்சக்கரம் 5 சென்டிமீட்டர் உயரக் கல்லில் ஏறினால் அந்த 48 கிலோகிராமும் 5 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 24 ஜூல். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஏற்றத்தில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் இயக்க ஆற்றலே 160 ஜூல்தான். ஒரே கல் அதில் ஏழில் ஒரு பங்கைப் பறிக்கிறது! இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும். அடுத்தடுத்து நாலைந்து கற்கள் வந்தால் வண்டி நின்றுவிடுவதில் வியப்பில்லை.

வில் இருந்தால் உயர வேண்டியது பெரும்பாலும் சக்கரமும் அதைத் தாங்கும் கையும் மட்டுமே; சுமார் 5 கிலோகிராம். உடல் ஏறக்குறைய அதே மட்டத்தில் செல்கிறது. அமுங்கிய வில், கல்லைத் தாண்டியதும் சக்கரத்தை மீண்டும் தரையில் அழுத்துகிறது. இதுவே முக்கியம். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை உந்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆகவே வில் அமைப்பின் முதல் வேலை சக்கரத்தைத் தரையை விட்டு அகலாமல் காப்பது. உட்காருபவருக்குச் சுகம் தருவது இரண்டாவது வேலை.

சிறிது வரலாறு

அதிர்வைத் தாங்கும் முதல் உறுப்பு டயர்தான். 1888-ல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் நெடுங்காலம் மிதிவண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளில் மலையிறக்கப் பந்தயம் நடத்தத் தொடங்கினர். பின்சக்கர பிரேக்கினுள் இருந்த மசகு சூட்டில் எரிந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அதைத் திரும்ப அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. 1989-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் வில் பொருத்திய முன்கவை விற்பனைக்கு வந்தது. பின்சக்கர வில்லும் விரைவில் பரவியது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் இடம் பெற்றது.

வில் மட்டும் போதாது

ஒரு சுருள்வில்லை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். துள்ளும், மேலும் கீழும் ஆடும். வில் ஆற்றலைச் சேமிக்குமே தவிர அழிக்காது. கல்லில் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். இந்தத் துள்ளலை அடக்கத் ‘தணிப்பான்’ வேண்டும். அது எண்ணெய் நிரம்பிய குழாய். உள்ளே நகரும் தட்டு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. நீண்ட இறக்கத்துக்குப் பின் அதைத் தொட்டால் சூடு தெரிவது இதனால்தான்.

விலை மலிவான இரட்டை வில் வண்டிகள் பலவற்றில் சுருள்வில் உண்டு, எண்ணெய்த் தணிப்பான் இல்லை. கடையில் மெத்தை போல அமுங்குபவை இவையே! மலையிறக்கத்தில் கல்லுக்குக் கல் துள்ளி, பிரேக் பிடிக்கும் நேரத்தில் சக்கரத்தைக் காற்றில் விட்டுவிடுபவையும் இவையே.

எடை எவ்வளவு தடை?

வில்லும் தணிப்பானும் வண்டியின் எடையைக் கூட்டும். 3 கிலோகிராம் கூடுகிறது என்போம். 500 மீட்டர் உயரம் ஏற அதற்கு மட்டும் 14,700 ஜூல் வேண்டும். 150 வாட் திறனில் மிதிப்பவருக்கு இது சுமார் ஒன்றரை நிமிடத் தாமதம். அந்த ஏற்றம் முழுவதற்கும் புவியீர்ப்பை வெல்லவே 43 நிமிடம் ஆகும் என்பதை எண்ணினால் இது பெரிதன்று.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பின்வில் அமுங்கி எழுந்தால் உழைப்பின் ஒரு பகுதி தணிப்பானில் வெப்பமாகப் போய்விடும். நல்ல வண்டிகளில் பின்கையின் அச்சு, செயினின் இழுவிசை இந்த அமுக்கத்தை எதிர்க்கும்படியான இடத்தில் அமைந்திருக்கும். வழவழப்பான சாலையில் வில்லைப் பூட்டிவிடும் நெம்பும் சில வண்டிகளில் உண்டு.

நீங்களே சோதிக்கலாம்

முதலில் எடைக்கேற்ப வில்லைச் சரிசெய்ய வேண்டும். தறியில் பாவை மிக இறுக்கினால் இழை அறும். தளர விட்டால் நெசவு சீராக அமையாது. வில்லும் அப்படித்தான். தணிப்பானின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, வண்டியில் மெல்ல ஏறி அமர்ந்து இறங்குங்கள். தண்டின் மொத்த நகர்ச்சி 50 மில்லிமீட்டர் என்றால் வளையம் 12 முதல் 15 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இந்த அளவு அமுங்கியிருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க முடியும்.

இரண்டாவது, அமர்ந்தபடியே ஒரு தாழ்வான நடைமேடையிலிருந்து மெதுவாக இறங்குங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் தணிப்பு சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் போதாது. மிக மெல்ல எழுந்தாலும் குறைதான். அடுத்த கல் வருமுன் வில் விரியாமல், மேலும் மேலும் அமுங்கி இறுகிவிடும்.

மூன்றாவது, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டக்’ என்ற தளர்ச்சி தெரிந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது.

இனிப் பாதைக்கு வருவோம். ஏற்றமும் கற்களும் உள்ள அரைக் கிலோமீட்டர் பாதை போதும். உங்கள் சாதாரண வண்டியையும் இரட்டை வில் வண்டியையும் ஒரே ஆள் ஓட்ட வேண்டும். முதலில் சாதாரணம், பிறகு இரட்டை வில், மீண்டும் இரட்டை வில், கடைசியில் சாதாரணம் என்ற வரிசையில் ஓட்டுங்கள். இப்படிச் செய்தால் களைப்பின் பாதிப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படும். எடுத்த நேரம், கால் ஊன்றிய தடவைகள், பின்சக்கரம் வழுக்கிச் சுழன்ற தடவைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் காற்றழுத்தத்தை இடையில் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனையின் உயிர்.

இறக்கத்தில் நேரத்தை அளக்க வேண்டாம். அது வேகப் பந்தயமாகிவிடும். நிறுத்தும் தூரத்தை அளங்கள். சிறு சரிவில் குறித்த இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு வந்து, குறித்த கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற இடம் வரை நாடாவால் அளந்தால் போதும். தலைக்கவசம் அவசியம். காப்புக்காட்டுப் பாதையானால் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது.

யாருக்கு வேண்டும்?

தார்ச்சாலையில் பள்ளிக்குச் செல்பவருக்கு இரட்டை வில் தேவையில்லை; காற்று சரியாக அடைத்த டயரே போதும். கரடுமுரடான மலைப் பாதையில் அடிக்கடி செல்பவருக்கு அது பயன் தரும், தணிப்பான் உடையதாக இருந்தால். குறைந்த பணம்தான் உண்டு என்றால், தணிப்பான் இல்லாத இரண்டு வில்களைவிட, வில்லே இல்லாத உறுதியான சட்டமும் அகன்ற டயரும் நல்ல பிரேக்கும் உடைய வண்டி மேல். அடுத்த முறை கடையில் இருக்கையை அழுத்தும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படித் திரும்பி எழுகிறது என்று பாருங்கள்.