நோயாளி படுத்திருக்கும் வீடும் பணியிடமே

பெங்களூரில் அல்சூர், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்கள் எல்லோரும் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் அல்லர். ஜயநகரிலும் இந்திராநகரிலும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஏஜென்சிக்காரர் 'ஹோம் நர்ஸ்' என்பார். வீட்டார் 'ஆயா' என்பார்கள். வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களை அமர்த்தும் வீடுகளிலும் தமிழ் வீடுகள் உண்டு. ஆகவே இது இரு தரப்பிலும் நம்மவர் விவகாரம்.

உடம்பு துடைப்பது, டயபர் மாற்றுவது, கஞ்சி புகட்டுவது, மருந்து கொடுப்பது, படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, இவ்வளவும் ஒருத்தர் வேலை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் இடுப்பை ஒடிக்கிறது.

முதுகு தாங்குமா?

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். நோயாளியைக் கையால் தூக்குகிறவர், எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, 35 பவுண்டுக்கு மேல் பாரம் ஏற்கக் கூடாது என்பது அவர் முடிவு. அதாவது சுமார் 16 கிலோ. மளிகைக் கடை அரிசி மூட்டையே 25 கிலோ! பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட 70 கிலோ பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தனி ஒரு பெண் மாற்றுகிறார் என்றால் அந்த முதுகின் கதி என்ன? மூட்டையாவது அசையாமல் இருக்கும். பெரியவரோ விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலை ஏற்றி இறக்கலாம். கூப்பிட்டால் இன்னொருவர் வருவார். வீட்டில் கட்டில் தாழ்வு, அறை குறுகல், குளியலறைத் தரை வழுக்கல். பெரிய செலவு எதுவும் தேவையில்லை. நோயாளிக்கு அடியில் நாலாக மடித்த போர்வையைப் போட்டு, இரு பக்கமும் இருவர் நின்று பிடித்து நகர்த்தினால் பாதிச் சிரமம் குறையும். குளியலறையில் ஒரு கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போட்டால் நோயாளிக்கும் நல்லது. இன்னொருவருக்கு எங்கே போவது? வீட்டில் மகன் இல்லையா? அப்பாவைப் புரட்ட மகன் கை கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்தது ஊசி. இன்சுலின் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது விரலில் குத்திக்கொள்வது சகஜம். ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தால் அது விரல் வழியே ஏறிவிடும். மூடியை மாட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசியைப் போடவேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். நோயாளிக்கு வாங்கும் ஒரு மாத மருந்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதல்ல. குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

தூக்கத்தின் பேச்சு தனி. '24 மணி நேர டூட்டி' என்றால் கட்டிலுக்குக் கீழே பாய். பெரியவர் இருமினால் எழவேண்டும். பகலில் கண் அயர்ந்தால் ஏச்சு. சில வீடுகளில் காப்பிக்குத் தனி டம்ளர்; மலம் அள்ளும் அதே பெண் வீட்டுக் கழிவறையை உபயோகிக்கக் கூடாதாம். இதற்கு என்ன பெயர் சொல்வது?

சட்டம் எங்கே நிற்கிறது?

2011-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய 189-ஆவது ஒப்பந்தம், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. கூப்பிடும்போது எழத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருதச் சொல்கிறது. இந்தியா இதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கானது. ஒரே ஓர் ஆயா வேலை செய்யும் வீடு அதில் எப்படி வரும்?

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் வாசற்படி தாண்டி உள்ளே வருகிறது. பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடைச் சட்டம், 2013, வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டத்தின் உள்ளூர்க் கமிட்டியிடம் புகார் கொடுக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது கமிட்டியின் கடமை. நோயாளியின் மகனோ மருமகனோ தொந்தரவு கொடுத்தால் வேலையை விட்டு ஓடுவது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று பரிசீலிக்கக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரி 29 அன்று சுப்ரீம் கோர்ட் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை முதல் நாள் வாசலில் பேசிக்கொள்வதுதான் சட்டம்.

அங்கே பேசவேண்டியவை பல. வீட்டார் ஏஜென்சிக்குக் கட்டும் தொகை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் கைக்கு வருவது வீட்டாருக்குத் தெரியாது. இருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆதார் அட்டையின் அசலை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. நோயாளிக்குத் தொற்று நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்; கோபத்தில் அடிக்கும் கடிக்கும் மறதி நோய் என்றாலும் அப்படியே. சமையலும் பாத்திரமும் டூட்டியில் சேர்த்தியா, இரவில் எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம், முதுகு பிடித்துக்கொண்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. வார விடுமுறை எந்தக் கிழமை, அன்று பெரியவரை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அதே காகிதத்தில், பெயர் போட்டு எழுதவேண்டும்.