இலை போட்டு 14 வருஷம்!

கல்யாண வீட்டில் இலை போட்டாகிவிட்டது. தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. 'இதோ சாதம் வருகிறது' என்று சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவர் உள்ளே போய்விடுகிறார். நீங்கள் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பீர்கள்? கால் மணி? அரை மணி? ஒரு வீடியோ கேமுக்காக அமெரிக்காவில் ஜனங்கள் 14 வருஷம் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராமர் காட்டுக்குப் போய்த் திரும்பியே வந்துவிடலாம்!

'டியூக் நியூகம் ஃபாரெவர்' என்பது அந்த விளையாட்டின் பெயர். பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'டமால், டுமீல்' என்று சுட்டுத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ரகம்தான். கதாநாயகனின் கண்ணே இதில் நம் கண். அவன் முகம் தெரியாது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையின் அடியில் தெரியும்.

இந்தக் கதாநாயகன் டியூக் ஒரு தனிப் பிறவி. பொன்னிறக் கிராப்பு, கறுப்புக் கண்ணாடி, வாயில் சுருட்டு, உடம்பெல்லாம் கர்வம். வேற்றுக் கிரகத்து ஜந்துக்களை விரட்டுவது அவன் உத்தியோகம். 1996-ல் வந்த 'டியூக் நியூகம் 3டி'யில்தான் அவன் கொடி கட்டிப் பறந்தான். சுடுவது இருக்கட்டும், அதில் சுற்றிப் பார்ப்பதுதான் சுகம்! முதல் கட்டமே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து சினிமாக் கொட்டகை. புரொஜெக்டரைத் தட்டினால் படம் ஓடும். விளக்கு ஸ்விட்சு வேலை செய்யும். பீறிடும் குழாய்த் தண்ணீரைக் குடித்தால் உடம்பு தேறும். சும்மா இருக்கும் சுவரை அழுத்தினால் உள்ளே ரகசிய அறை! எதிரியைச் சுண்டெலி அளவுக்குச் சுருக்கிக் காலால் நசுக்க ஒரு துப்பாக்கி வேறு. பாட்டி வீட்டுப் பரணில் ஏறிய குழந்தை மாதிரி ஆடினார்கள்.

அடுத்த பாகம் வருகிறது என்று 1997-ல் அறிவித்தார்கள், டெக்ஸாஸ் மாகாணத்துக் கார்லண்டில் இருந்த 3டி ரெல்ம்ஸ் கம்பெனிக்காரர்கள். பணத்துக்குக் குறைவில்லை. அதுதான் வினையாயிற்று என்பேன். விளையாட்டை ஓட்டும் அடிப்படை யந்திரத்தை 'என்ஜின்' என்பார்கள். ஒரு என்ஜினை வாங்கி வேலை தொடங்கி, 1998-ல் அதை விட்டு வேறொன்றுக்கு மாறினார்கள். தலைமை தாங்கிய ஜார்ஜ் புரூசார்ட், மற்றவர்கள் விளையாட்டில் புதுமை எதைப் பார்த்தாலும் அது நம்மிலும் வேண்டும் என்பார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நம் வீட்டுச் சுவரை இடிக்கிற கதை! 'எப்போது வரும்?' என்று கேட்டால், 'முடிந்ததும் வரும்' என்று பதில். 2001-ல் ஒரு முன்னோட்டப் படம் காட்டினார்கள். பார்த்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அப்புறம் பல வருஷம் மௌனம்.

2009 மே மாதம் பணம் தீர்ந்தது. வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் சிலர் செய்த காரியம்தான் மனசைத் தொடுகிறது. வேலை போன பிறகும், வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த விளையாட்டை முடிக்கப் பாடுபட்டார்கள். கியர்பாக்ஸ் என்ற இன்னொரு டெக்ஸாஸ் கம்பெனி கை கொடுத்தது. 2011 ஜூனில் ஒருவழியாகக் கடைக்கு வந்தது.

வந்ததே, என்ன வந்தது? ஒன்பது பத்து ஆயுதங்களைச் சுமந்து திரிந்த டியூக்குக்கு இப்போது இரண்டுதான். அடிபட்டால் ஒரு மறைவில் பதுங்கியிருக்க வேண்டும், தானே தேறிவிடும். எல்லாம் 2001-ல் வந்த 'ஹேலோ' என்னும் விளையாட்டு பரப்பிய நாகரிகம். வேடிக்கை கேளுங்கள்: ஹேலோ கதாநாயகனுடையதைப் போன்ற பச்சைக் கவசம் ஒன்றை டியூக்குக்கு இதில் நீட்டுகிறார்கள். அவன் கேலி செய்துவிட்டு வேண்டாம் என்கிறான். கவசம்தான் வேண்டாமாம், மற்றதெல்லாம் வேண்டுமாம்!

சுற்றித் திரிய இடமில்லை. பெரும்பாலும் ஒற்றையடிப் பாதை. நடுவழியில் டியூக்கின் லாரிக்குப் பெட்ரோல் தீர்ந்துபோய், அதைத் தேடி அலையும் வேலை வேறு. பல பேர் சேர்ந்து ஆடும் ஒரு பந்தயத்தில், கொடிக்குப் பதிலாக ஒரு பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவள் அலறினால் அடி. இதற்கு விளையாட்டு வெளிவருமுன்பே கண்டனம் கிளம்பிற்று. கிளம்பாமல் என்ன செய்யும்?

நல்லதே இல்லை என்று சொன்னால் பாவம். ஆரம்பத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் நம் இஷ்டம்போல் கிறுக்கலாம். ஒரு பையன் கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டுகிறான். அதிலும் எது வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் பழைய டியூக் எட்டிப் பார்க்கிறான்.

1996 விளையாட்டை ஓட்டிய அதே பழைய 'பில்ட்' என்ஜினைத் தூசி தட்டி, 2019-ல் 'அயன் ஃபியூரி' என்று ஒன்று செய்தார்கள். பரண் மாதிரி மூலை முடுக்குகள், ரகசிய அறைகள், கை நிறைய ஆயுதங்கள், எல்லாம் உண்டு. ஆடியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அதை வெளியிட்டது யார் தெரியுமா? புதிய கைகளுக்கு மாறிவிட்ட அதே 3டி ரெல்ம்ஸ்! துப்பாக்கி பிடித்த அந்தக் கை மட்டும் டியூக்குடையதல்ல. ஷெல்லி ஹாரிசன் என்ற பெண்ணின் கை!