கதை படிக்கும் வகுப்பு – 9: கதவைத் தட்டியது யார்?

பேய்க்கதை ஒன்றை வகுப்பில் படித்து முடித்ததும் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சார், அது நிஜமாவே பேயா?” பல வகுப்புகள் அங்கேயே தடம் மாறிவிடுகின்றன. பாதிப் பேர் தாத்தா ஊரில் கேட்ட புளியமரத்துக் கதைகளை எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் பேயாவது பிசாசாவது என்று சிரிப்பார்கள். படித்த கதை மறந்தே போகும்.

அந்தக் கேள்வியை அடக்கத் தேவையில்லை. அதையே கதைக்குள் நுழையும் வழியாக்கலாம். அதற்கு மிகவும் கைகொடுக்கும் கதை, ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘தி மங்கீஸ் பா’. 1902இல் வெளியான இந்தக் கதை பல நாடுகளின் பள்ளி வகுப்புகளில் இன்றும் படிக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் வயதான வொயிட் தம்பதி, மகன் ஹெர்பர்ட்டோடு வாழ்கிறார்கள். இந்தியாவில் 21 ஆண்டுகள் இருந்து திரும்பிய ராணுவ நண்பர் ஒருவர், உலர்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றைக் காட்டுகிறார். மூன்று பேருக்கு, ஆளுக்கு மூன்று ஆசைகளை அது நிறைவேற்றுமாம். வொயிட் 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் ஹெர்பர்ட் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். நிறுவனம் கொடுக்கும் தொகை 200 பவுண்டு. துக்கம் தாளாத தாய், மகனை உயிரோடு கேள் என்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளோடு போராடுகையில் தந்தை மூன்றாவது ஆசையைச் சொல்கிறார். கதவு திறக்கும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

கதை மூன்று பகுதிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று படியெடுத்துக் கொடுத்தால், முடிவை யாரும் முந்திப் படிக்க முடியாது.

முதல் பகுதியில் பயத்தைத் தேட வேண்டாம். சிரிப்பைத் தேடச் சொல்லலாம். ஜேக்கப்ஸ் தம் காலத்தில் நகைச்சுவை எழுத்தாளராகவே பெயர் பெற்றவர். லண்டனின் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் 1863இல் பிறந்து, மாலுமிகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகளால் வாசகர்களைப் பிடித்தவர். அந்தக் கை இங்கேயும் தெரிகிறது. மகன் தந்தையைக் கிண்டல் செய்கிறான், தாய் சேர்ந்துகொள்கிறாள், அடுப்பில் தீ இதமாக எரிகிறது. அந்தக் குடும்பத்தை நமக்குப் பிடித்துப்போகிறது. பின்னால் வரும் இழப்பு வலிப்பது அதனால்தான்.

தொடக்கத்தில் தந்தையும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அவசியமில்லாமல் ராஜாவை ஆபத்தில் தள்ளிவிட்டு, தவறு தாமதமாகப் புரிந்ததும் மகனின் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார் தந்தை. முதல் வாசிப்பில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. கதை முடிந்த பிறகு இந்தப் பத்திக்குத் திரும்பச் சொன்னால் போதும். இரண்டாம் முறை படிப்பதன் பயனைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாம் பகுதியில் கொஞ்சம் வரலாறு தேவை. பிரிட்டனில் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் விபத்து நேர்ந்து இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு அவருடைய மூன்றாண்டுக் கூலி அல்லது 150 பவுண்டு, இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். உச்சவரம்பு 300 பவுண்டு. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியதும் கதையின் 200 பவுண்டு வேறுமாதிரி தெரியத் தொடங்கும். இயந்திரம் தொழிலாளியைக் கொல்வதும் அவன் உயிருக்கு ஒரு தொகை கொடுக்கப்படுவதும் அன்றைய வாசகருக்குத் தெரிந்த விஷயங்கள். மந்திரமே இல்லாவிட்டாலும் அந்தப் பணம் அந்த வீட்டுக்கு வந்திருக்கக்கூடும். கதையில் நிறுவனம் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மந்திரம் ஏன் இந்தியாவிலிருந்து வருகிறது என்று நம் மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பாதத்துக்குச் சக்தி ஏற்றியவர் ஒரு பக்கிரி என்கிறது கதை. பேரரசின் நடுவே பாதுகாப்பாக உட்கார்ந்திருந்த வாசகருக்கு, தொலைதூரக் காலனி மர்மங்களின் கிடங்காகத் தெரிந்தது. அந்தப் பார்வையைக் கண்டுபிடிப்பதும் வாசிப்பின் பகுதிதான்.

மூன்றாம் பகுதிக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லலாம். இடப்பக்கம், கதை சொன்னது. வலப்பக்கம், நான் நினைத்துக்கொண்டது. ‘செத்த மகன் வாசலில் நிற்கிறான்’ என்பதை முதலில் பலரும் இடப்பக்கம்தான் எழுதுவார்கள். எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டால் பக்கங்களைப் புரட்டித் தேடுவார்கள். கிடைக்காது. தட்டும் ஓசை மட்டுமே இருக்கிறது. தந்தையின் மூன்றாவது ஆசை என்னவென்றும் கதை சொல்வதில்லை. அவர் எதையோ கேட்டார், ஓசை நின்றது, அவ்வளவுதான். மிச்சத்தை எழுதியது வாசகரின் மனம்.

1903இல் லூயி என். பார்க்கர் இக்கதையை லண்டன் மேடைக்கு நாடகமாக்கினார். அதில் தந்தை அந்த ஆசையை வாய்விட்டே சொல்கிறார். அச்சில் இருக்கும் மௌனத்தையும் மேடையில் வரும் பேச்சையும் ஒப்பிட்டால் ஒரு முழு வகுப்புக்கு விவாதம் கிடைக்கும்.

இத்தகைய கதைகளின் இயல்பே தயக்கம்தான் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நடந்தது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று முடிவு செய்ய முடியாமல் வாசகர் நிற்கும் வரைதான் அந்த வகை உயிரோடு இருக்கிறது என்பது அவர் கருத்து. மாணவர்களிடம் அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘எல்லாம் தற்செயல்’ என்று ஒரு குழுவும் ‘பாதத்தின் வேலை’ என்று இன்னொரு குழுவும் கதையிலிருந்தே ஆதாரம் காட்டி வாதாடட்டும். விபத்தைத் தற்செயல் என்று சொல்வது எளிது. நள்ளிரவுத் தட்டலை அப்படிச் சொல்வது கடினம். அந்தக் கடினத்தில்தான் வரிக்கு வரி வாசிப்பு நடக்கும்.

வீட்டுப் பாடமாக ஒரு பயிற்சி. கதவு திறந்ததும் ஹெர்பர்ட் கண்ணெதிரே நிற்பதாகக் கடைசிக் காட்சியை மாற்றி எழுதி வரச் சொல்லுங்கள். பலருடைய தாளில் இரத்தமும் காயமுமாக இருக்கும். மறுநாள் அவற்றையும் ஜேக்கப்ஸின் முடிவையும் அடுத்தடுத்து வாசித்து, எது அதிகம் பயமுறுத்தியது, ஏன் என்று வகுப்பையே பேச விடுங்கள்.

அடுத்த வாரம் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. அங்கே கதையைச் சொல்பவரே ஓர் எழுத்தாளர். அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற சிக்கலும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

(தொடரும்)