அயல்நாட்டுப் பணமும் நம் கடற்கரையும்

சென்ற மாதம் கோட்டைப்பட்டினம் சென்றிருந்தபோது, மீன் இறங்குதளத்தின் அருகே பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் நம்மை நிறுத்தி, "ஐயா, பெரிய நடிகர் யாராவது நம் ஊரில் வந்து நின்றால் வெளிநாட்டுப் பணம் வருமே! அதற்கு ஒரு வழி செய்யக்கூடாதா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற விழைகின்றோம்.

புகழுடையார் குரல் கொடுத்தால் பொருள் திரளும் என்பது உண்மையே. எத்தியோப்பியப் பஞ்சத்திற்காகப் பாடகர் பாப் கெல்டாஃப் முதலியோர் 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் இசை நிகழ்ச்சி நடத்திப் பெரும்பொருள் சேர்த்தனர். எனினும் அப்பஞ்சத்திற்கு மழையின்மையோடு உள்நாட்டுப் போரும் காரணம். போரைப் பாட்டு நிறுத்தவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தி நடிகர் விவேக் ஓபராய் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் தங்கி உதவிப்பணி செய்தார். மறு ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகளின் தூதராகக் கிளிண்டன் நாகப்பட்டினம் வந்தார். இடர் நேர்ந்தபோது உலகின் கண் ஓரிடத்தில் படுவது சிறிய நன்மையன்று. ஆனால் வறுமை ஒரு நாளில் வந்து மறுநாள் வடிந்துவிடும் அலையன்று.

உதவி என்னும் சொல்லையும் சற்று ஆராய்தல் வேண்டும். ஆழிப்பேரலைக்குப்பின் தமிழ்நாட்டிற்கும் புதுச்சேரிக்கும் மறுசீரமைப்புக்கென உலக வங்கி 2005இல் ஒப்புதல் அளித்த 46.5 கோடி டாலர், நன்கொடையன்று, கடன். குறைந்த சுமையுடைய கடன்தான். ஆயினும் திருப்பித் தரவேண்டியதே.

இனி, நமக்குப் பெரிதும் பாடமாவது நீண்டகரையின் கதை. 1952இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் மூன்றும் ஒப்பந்தம் செய்து, கொல்லத்தை அடுத்த அவ்வூர்ப் பக்கத்தில் மீனவர் வாழ்வை உயர்த்தத் திட்டம் வகுத்தன. இயந்திரப் படகும் பனிக்கட்டி ஆலையும் வந்தன. குடிநீரும் சுகாதார நிலையமும் வந்தன. பின்னவை ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றாகவே பயன்பட்டன. படகோ வேறு திசையில் சென்றது. அமெரிக்கச் சந்தையில் இறாலுக்கு விலை ஏறவே, இழுவலை பெருகிற்று. மீன்பிடித்தலை அறியாத முதலாளிகளும் உள்ளே புகுந்தனர். உள்ளூரார் உண்ணும் மீனைப் பெருக்க எழுந்த திட்டம் ஏற்றுமதித் தொழிலை வளர்த்தது. சிறு தோணிக்காரர் கரையோரத்தில் விசைப்படகோடு போட்டியிட நேர்ந்தது, பூசல்கள் மூண்டன. 1988இல் கேரள அரசு மழைக்கால இழுவலைக்குத் தடை விதித்ததற்கு அப்போராட்டங்களே முதற்காரணம். கொடுத்தவர் எண்ணத்தில் குறையில்லை என்றே நாம் கருதுகின்றோம். படகு யார் கையில் சேரும் என்பதை மட்டும் எவரும் முன்கூட்டிக் கட்டுப்படுத்தவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின்னும் இதே பிழை வேறு உருவில் நேர்ந்தது. அந்நாளில் நாம் இப்பணிக்கு வந்திருக்கவில்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்ததே. தொண்டு நிறுவனங்கள் போட்டியிட்டு நாரிழைப் படகுகளை வழங்கின. படகு கொடுப்பது புகைப்படத்திற்கும் நன்றாயிருக்கும் அன்றோ! பல ஊர்களில் இழந்ததைவிட மிகுதியான படகுகள் சேர்ந்தன. ஏறிச் செல்ல ஆள் கிடைக்கவில்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் படகுக் கணக்கில் இடம் பெறவில்லை.

விவசாயப் பெருமக்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்மாயில் நீர் ஓரளவே இருக்க, மடைகளை மட்டும் இரட்டித்தால் கடைமடை நனையுமா? பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு ஏனைய நாட்கள் என்று முறை வைத்திருப்பதே கடலின் அளவைக் காட்டும். இங்கே மேலும் படகு தருபவர் பொருளைத் தருகின்றார், மீனைத் தரவில்லை. பனிக்கட்டி, குடிநீர், மீன் உலர்த்தும் களம், பெண்களுக்கு விற்பனைக் கூடம் ஆகியவற்றுக்கு வரும் பணமே இவ்வூரில் நெடுநாள் நிற்கும் என்பது நம் துணிபு.

ஆகவே, நடிகர் படத்துடன் எவரேனும் உங்கள் ஊருக்கு வந்தால் வரவேற்று அமரச் செய்யுங்கள். பின்பு, வருவது கடனா நன்கொடையா, பொருள் யார் பெயரில் இருக்கும், மூன்றாம் ஆண்டில் பழுது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். அயல்நாட்டு நன்கொடை பெறும் சங்கத்திற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இருத்தல் வேண்டும். அதன் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடைகளைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். எண் தரத் தயங்குவாராயின் ஒன்றிய அலுவலகத்திற்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.