போரின் எந்த மணிநேரத்தை நடிப்பது?

ஒரு பெரும் போரின் நூறாம் ஆண்டோ இருநூறாம் ஆண்டோ நெருங்கும்போது, அது நடந்த மண்ணிலேயே அதை மறுபடி நடித்துக் காட்டும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. 2015 ஜூனில், வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டையொட்டி, பெல்ஜியத்தில் சுமார் 5,000 பேர் நெப்போலியன் காலச் சீருடையணிந்து, ஏறத்தாழ 300 குதிரைகளோடு களமிறங்கினார்கள். இப்படி வருபவர்களில் பெரும்பாலானோர் சொந்தச் செலவில் சீருடை தைத்துக்கொண்டு, விடுப்பெடுத்து வரும் ஆர்வலர்கள். அவர்களைத் திரட்டி ஒரு போரை நடத்திக் காட்டப் பல மாத உழைப்பு வேண்டும். நிலத்துக்கு அனுமதி, குதிரைகளுக்குத் தண்ணீர், வெடிமருந்துக்குக் காவல், கம்பளி உடுப்பில் வெயிலில் மயங்கி விழுபவர்களுக்கு மருத்துவ வண்டி, துப்பாக்கி முனையை எதிராளியின் தலைக்கு மேலே உயர்த்திச் சுட வேண்டும் என்ற விதி, எந்த வரிசை எப்போது செத்து விழ வேண்டும் என்ற ஏற்பாடு என எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். இத்தனை கவனமும் ஓரிரு மணிநேரச் சண்டைக்கே போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். போரின் எந்த மணிநேரத்தைக் காட்டப்போகிறோம் என்ற கேள்வியைத் திட்டமிடுபவர்கள் முதல் கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும். சுடும் நேரத்தைவிட, அதற்கு முன்பும் பின்பும் நடந்தவையே ஊரார் கூடி நின்று பார்க்க வேண்டியவை என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு இதற்கு நல்ல சான்று. தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போருக்கு விழா எடுக்க, 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் ஓர் ஆணையத்தை அமைத்தது. 1961 ஜூலையில் வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தில் முதல் பெருஞ்சண்டை மறுபடி நடிக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடித்தார்கள். பல்லாயிரம் பேர் வேடிக்கை பார்த்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் இரு தரப்பிலுமாகச் சுமார் 850 பேர் செத்தார்கள். அவர்களோடு, தன் வீட்டுப் படுக்கையில் கிடந்த ஜூடித் ஹென்றி என்ற, எண்பது வயதைக் கடந்த கைம்பெண்ணும் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். 1861இல் வாஷிங்டன் நகரத்துப் பிரமுகர்கள் சாப்பாட்டுக் கூடையோடு வண்டி கட்டிக்கொண்டு அந்தச் சண்டையைப் பார்க்கக் கிளம்பினார்கள். மாலையில் தோற்றோடும் படையோடு சேர்ந்து அலறியடித்துத் திரும்பினார்கள். நூற்றாண்டு விழாவுக்கு வந்த கூட்டத்துக்கு அந்த அதிர்ச்சி நேரவில்லை. செத்து விழுந்தவர்கள் எழுந்து தூசு தட்டிக்கொண்டதோடு நிகழ்ச்சி முடிந்தது. புனிதமான களத்தைத் திருவிழாத் திடலாக்கிவிட்டார்கள் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. இன்று அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் விதிகள், அதன் பொறுப்பிலுள்ள களங்களில் எதிரெதிர் அணிகள் சுட்டுக்கொள்வதையும், செத்து விழுவதுபோல் நடிப்பதையும் தடை செய்கின்றன.

அந்த விழாவில் விட்டுப்போனது இறப்பின் கனம் மட்டுமா? 1860 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். போர் மூண்டதே அவர்களை முன்னிட்டுத்தான். ஆனால் 1961 ஏப்ரலில், போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலின் நூற்றாண்டுக்காக ஆணையத்தின் கூட்டம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கூடவிருந்தபோது, நியூஜெர்சிக் குழுவின் கறுப்பின உறுப்பினரான மேடலின் வில்லியம்ஸுக்கு மற்றவர்கள் தங்கும் ஓட்டலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குடியரசுத் தலைவர் கென்னடி தலையிட்ட பிறகு கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாறியது. அடுத்த மாதமே அலபாமாவில், நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தில் பயணித்தவர்களை வெள்ளையர் கும்பல் அடித்து நொறுக்கியது. அந்தக் கோடையில்தான் மனாசஸில் இரு தரப்பு வீரமும் சம அளவில் கைதட்டு வாங்கியது. சண்டையை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் இரு தரப்பும் ஒன்றுபோலத் தெரியும். எதற்காகச் சண்டை என்ற கேள்வியே எழாது.

இனி பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கைப் பாருங்கள். 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் அங்கே சண்டை நடந்தது. அடுத்து வந்த மாதங்கள் அதைவிட நீளமானவை, அவற்றை நடித்துக் காட்டுவோர் குறைவு. ஏறத்தாழ 2,400 பேர் வாழ்ந்த அந்தச் சிற்றூரில் படைகள் விட்டுச்சென்ற காயம்பட்டோர் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல். தேவாலயம், கொட்டகை, வீட்டுக் கூடம் எல்லாம் மருத்துவமனை ஆயின. இடுகாட்டுக் காவலர் படைக்குப் போயிருந்ததால், ஆறு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி எலிசபெத் தோர்ன், வயதான தந்தையோடு சேர்ந்து ஜூலை வெயிலில் சுமார் 100 குழிகள் தோண்டிப் புதைத்தார். தென்படை வருகிறதென்று கேட்டதும், பிடித்துப்போய் அடிமையாக்கிவிடுவார்கள் என்று ஊரின் கறுப்பின மக்கள் சண்டைக்கு முன்பே தப்பி ஓடினார்கள். பென்சில்வேனியாவில் அப்படிப் பிடிக்கப்பட்டுத் தெற்கே இழுத்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. ஓடித் திரும்பியவர்களில் ஒருவரான பேசில் பிக்ஸ் என்ற விவசாயியும் அவருடைய ஆட்களும்தான், அவசரத்தில் புதைக்கப்பட்ட உடல்களைத் தோண்டியெடுத்துப் புதிய தேசியக் கல்லறைக்குக் கொண்டு சேர்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். நவம்பர் 19 அன்று லிங்கன் புகழ்பெற்ற தம் உரையை ஆற்றியபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை. ஓர் ஆண்டு நிறைவு விழாவுக்கு இதைவிட வலுவான காட்சி எதைத் தேட முடியும்?

துப்பாக்கிச் சத்தம் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். விழாச் செலவைச் சுமப்பவர்களின் கவலை அது, தள்ளிவிட முடியாது. ஆனால் 2013இல், கெட்டிஸ்பர்க்கின் 150ஆம் ஆண்டில், தனியார் நிலங்களில் வழக்கமான போர் நடிப்புகள் நடந்த அதே காலத்தில், பூங்காச் சேவை வேறொன்றைச் செய்தது. தென்படைத் தளபதி பிக்கெட்டின் படைப்பிரிவு முன்னேறி மடிந்த வெட்டவெளியில் ஜூலை 3 அன்று பொதுமக்களையே நடக்கவிட்டது. சண்டை நடிப்பு எதுவும் இல்லை, ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். 2016 ஜூலை 1 அன்று, சோம் போரின் நூற்றாண்டில், பிரிட்டனின் ரயில் நிலையங்களிலும் கடைவீதிகளிலும் சுமார் 1,400 தன்னார்வலர்கள் முதல் உலகப் போர்ச் சீருடையில் முன்னறிவிப்பின்றித் தோன்றினார்கள். கலைஞர் ஜெரமி டெல்லர், நாடக இயக்குநர் ரூஃபஸ் நோரிஸ் ஆகியோரின் திட்டம் அது. யாராவது பேச்சுக் கொடுத்தால், வாய் திறக்காமல் ஒரு சீட்டை நீட்டினார்கள். அந்த முதல் நாளிலேயே மாண்ட 19,240 பிரிட்டன் வீரர்களில் ஒருவரின் பெயர் அதில் இருந்தது. சண்டையே இல்லாத இந்த நடிப்பை நாடே அன்று பேசியது.

மறுநடிப்பாளர்களின் உழைப்பை இழிவுபடுத்துகிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. கம்பளிச் சட்டையின் புழுக்கம், புகை சூழ்ந்தபின் பத்தடி தூரம்கூடத் தெரியாத குருட்டுத்தனம், ஒருமுறை சுட்டு மறுமுறை மருந்து கெட்டிக்கும் நேரம் ஆகியவற்றைப் புத்தகத்தைவிட உடம்பு நன்றாகக் கற்றுத்தரும். அந்த அறிவு மதிப்புள்ளது. பாசறையிலும் அணிவகுப்பிலும் கள மருத்துவமனையிலும் அதற்கு நிறைய வேலை இருக்கிறது. சாவு மட்டும் நடிப்புக்கு எட்டாதது.

போருக்கான காரணத்தைப் பேசினால் அரசியல் புகுந்து ஒற்றுமை கெடும் என்பது இன்னொரு வாதம். 1913இல் கெட்டிஸ்பர்க்கில் கூடிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய படைவீரர்கள் களத்திலிருந்த கல்சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கிக்கொண்டது உண்மையில் நெகிழ வைக்கும் காட்சி. ஆனால் அந்த ஒற்றுமைக்காக அடிமைமுறை பற்றிய பேச்சை ஓரங்கட்டினார்கள். பகை மறந்துபோயிற்று என்று அங்கே பேசிய குடியரசுத் தலைவர் வில்சனின் நிர்வாகம், அதே ஆண்டில் கூட்டாட்சி அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினைப் பிரகடனத்தில் அடிமைமுறையையே காரணமாக வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பிரிந்துபோனவர்களே எழுதிவைத்ததை விழாக்குழு மறைத்தால் அதுதான் அரசியல்.

இப்போது அமெரிக்கா தன் விடுதலைப் போரின் 250ஆம் ஆண்டுகளுக்குள் நுழைந்திருக்கிறது. 2031 அக்டோபரில் யார்க்டவுன் வரும். பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை அங்கே சரணடைந்த காட்சி கட்டாயம் நடிக்கப்படும். அன்றைய சரணடைவுக்குச் சில நாட்கள் முன்பு, விடுதலை கிடைக்குமென்று நம்பி அவரிடம் ஓடிவந்திருந்த கறுப்பின மக்களை, பெரியம்மை கண்ட நிலையில் முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். ஏராளமானோர் இரு படைகளுக்கும் இடையிலிருந்த காட்டில் மாண்டார்கள். பிழைத்தவர்களைப் பிடித்து உரிமையாளர்களிடம் ஒப்படைக்க அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் ஆணையிட்டார். யார்க்டவுன் விழாக்குழு நிகழ்ச்சி நிரல் எழுத உட்காரும்போது, சரணடைவுக்கு ஒதுக்கும் அதே அளவு நேரத்தை அந்தக் காட்டுக்கும் ஒதுக்க வேண்டும். அந்தக் கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களும் அந்தக் குழுவில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.