காலேஜ் புத்தகங்களின் விலை

வைகை அணை 1959-ம் வருஷம் ஜனவரி மாதம் 21-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. அதற்கு அறுபது வருஷங்களுக்கு மேல் முந்தியே, 1895-ல், மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு காரியங்களும் பொதுப் பணத்தில் செய்யப்பட்டவை. தண்ணீரின் அடக்க விலை முழுவதையும் முன்னதாகக் கட்டினால்தான் மடை திறக்கப்படும் என்று எந்தக் குடியானவனிடமும் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், சின்னமனூர் வயல்களில் நாற்று நட்டிருக்க முடியாது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பாசனமல்ல. அதே பள்ளத்தாக்கில் கல்வியின் வாய்க்கால் எந்த இடத்தில் வறண்டு போகிறது என்பதையே வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புத்தகம் இலவசம். பன்னிரண்டாவது தேறி, அந்தப் பிள்ளை உத்தமபாளையத்திலோ போடியிலோ பெரியகுளத்திலோ ஒரு காலேஜில் காலடி வைத்ததும் அந்த உதவி நின்றுவிடுகிறது. சம்பளச் சலுகை இருக்கிறது, ஸ்காலர்ஷிப் இருக்கிறது. சர்க்கார் பள்ளிகளில் படித்த பெண்களுக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் கீழும், ஆண்களுக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தின் கீழும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்பில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கியதையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டு இருட்டிய பின் திரும்பும் ஒரு தாயின் மகள், தேனி மருத்துவக் கலாசாலையில் இடம் பெற்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முதல் வருஷம் தேவைப்படும் உடற்கூறு, உடலியல் புத்தகங்களில் ஒன்றை வாங்கவே அந்த மாதத்து ஆயிரம் ரூபாய் சரியாகப் போய்விடும். மேல் வகுப்பில் வைத்திய சாஸ்திரப் பெருநூல்களுக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும்.

ஆர்ட்ஸ் காலேஜ்களில் நிலைமை வேறு விதமாகக் கெட்டுப்போயிருக்கிறது. அங்கே ஒரு புத்தகத்தின் விலை நூறுகளில் நிற்கிறது. ஆனால் ஒரு பருவத்திற்கு ஐந்தாறு பாடங்கள். மாணவன் என்ன செய்கிறான்? மூல நூலை விட்டுவிட்டு ‘கைடு’ வாங்குகிறான். அதில் பத்து வினாக்களுக்கு விடை இருக்கும்; அவற்றை உருப்போட்டுப் பட்டமும் வாங்கிவிடுகிறான். மார்ஷலையோ கெயின்ஸையோ பற்றி நான்கு வரி எழுதத் தெரிந்து, அவர்களுடைய ஒரு பக்கத்தையும் படிக்காத பொருளாதாரப் பட்டதாரியை நாம் நூற்றுக்கணக்கில் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறோம். விலையின் கொடுமை மாணவனின் பையை மட்டும் பாதிப்பதோடு நின்றிருந்தால், இவ்வளவு இடத்தை இதற்கு ஒதுக்கியிருக்க மாட்டோம்.

விலை ஏன் ஏறுகிறது? காகித விலை ஒரு காரணமே. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது புத்தகத்திற்கு வரியில்லை என்றார்கள். காகிதத்திற்கு வரி இருந்தது; புத்தகம் வரிவிலக்குப் பெற்றதாலேயே காகிதத்தில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. அது கடைசியில் வாங்குகிறவன் தலையில்தான் விழுகிறது. ஆயினும் மூல காரணம் வேறு. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் பாடத்திட்டக் குழுவினர். பணம் கொடுப்பவன் மாணவன். விலையைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் முந்தியவருக்கு இல்லை. மறுக்கும் அதிகாரம் பிந்தியவனுக்கு இல்லை. இப்படிப்பட்ட சந்தையில் விலை இறங்க ஏது நிர்ப்பந்தம்? போதாததற்குச் சில வருஷங்களுக்கு ஒரு முறை ‘புதிய பதிப்பு’ வருகிறது. இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறியிருக்கும். படங்களுக்கு வர்ணம் ஏறியிருக்கும். மதுரைப் புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிப் படித்த தலைமுறைகள் உண்டு. பதிப்பு மாறியதும் அண்ணனின் புத்தகம் தம்பிக்கு உதவாது என்றாகிவிட்டது.

இந்த நோய் நம் தேசத்திற்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் படிக்கச் சென்ற சுபாப் கிர்த்சேங் என்ற தாய்லாந்து மாணவர், தம் ஊரில் மலிவாக விற்ற பாடப் புத்தகங்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். பிரசுரகர்த்தர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரே புத்தகத்தை ஒரு தேசத்தில் மலிவாகவும் கொடுக்க முடிகிறது என்பதை அந்த வழக்கு உலகறியச் செய்தது.

நம் நாட்டு வழக்கு இன்னும் முக்கியமானது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பிரசுராலயங்களும், டெய்லர் அண்டு பிரான்சிஸ் கம்பெனியும் சேர்ந்து, டெல்லி பொருளாதாரக் கல்லூரி வளாகத்திலிருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையின் மீதும் சர்வகலாசாலையின் மீதும் 60 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டன. பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்ததே குற்றம். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். இலக்கிய நூல்களின் பதிப்புரிமை தெய்வத்தால் அருளப்பட்டதுமல்ல, இயற்கையில் விளைந்ததுமல்ல என்பது அவர் கருத்து. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, போதனையின் பொருட்டுப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அடங்கிய பெஞ்சும் இக்கொள்கையை உறுதிசெய்தது. 2017-ல் பிரசுரகர்த்தர்கள் வழக்கை வாபஸ் பெற்றார்கள்.

இந்தத் தீர்ப்பை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் போட்டோகாப்பியால் பிரச்னை தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். ஓர் அத்தியாயம் இங்கே, ஓர் அத்தியாயம் அங்கே என்று நகல் எடுத்துப் படிப்பவனுக்கு ஒரு நூலின் ஆதியந்தம் தெரிய நியாயமில்லை. நூலாசிரியரும் வயிறு உள்ளவர். அவருக்கு உரியது போய்ச் சேரவேண்டும். முழுப் புத்தகமே மலிவாகக் கிடைக்க வழியுண்டா என்பதுதான் கேள்வி.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1983-ல் சேர்க்கப்பட்ட 32-ஏ பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். விஞ்ஞானம், கணிதம், தொழில் நுட்பம் ஆகியவற்றில் ஒரு நூல் வெளிவந்து மூன்று வருஷங்களுக்குப் பின்பும் அது இந்தியாவில் கிடைக்காவிட்டால், அல்லது அது போன்ற நூல்களுக்கு இங்கே வழக்கமாக உள்ள விலைக்கு ஒத்த நியாயமான விலையில் விற்கப்படாவிட்டால், போதனைக்காக அதை அச்சிட லைசென்ஸ் கேட்கலாம். ஆசிரியருக்கு ராயல்டி உண்டு. கதை, கவிதை, நாடகம் முதலியவற்றுக்கு ஏழு வருஷம், மற்றவைக்கு ஐந்து. இந்த ஆயுதம் நம் கையிலிருக்க, நாம் கைகட்டி நிற்கிறோம்.

சர்க்கார் அச்சிட்டால் உருப்படுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1968-ல் சர்வகலாசாலை நூல்களைத் தேச பாஷைகளில் வெளியிட ஒவ்வொரு ராஜ்யத்திற்கும் ஒரு கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-ல் பிறந்தது. பௌதிகம், ரசாயனம், தாவர நூல், சரித்திரம், அரசியல் என்று நூற்றுக்கணக்கான காலேஜ் நூல்களை அது தமிழில் கொண்டுவந்தது. சிலவற்றின் நடை கரடுமுரடுதான். கலைச்சொற்கள் பல்லை உடைக்கும். ஆயினும் ஏழை மாணவன் விலை கொடுத்து வாங்கக்கூடிய முழு நூல்கள் அவை. அந்தக் காரியம் தொடர்ந்து நடந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது.

தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்காக 1978-79-ல் ஏற்பட்ட புத்தக வங்கித் திட்டத்தில், மருத்துவ, இஞ்சினீயரிங் வகுப்புகளில் இருவருக்கு ஒரு செட் என்று வைத்தார்கள். வைகையில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்ற ஏற்பாடு. முறைத் தண்ணீர் பயிரைக் காப்பாற்றும். புத்தகத்திற்கு மட்டும் பரீட்சை என்ற ஒரே நாளில் எல்லோருக்கும் தாகம் எடுக்கிறது. நாம் சட்டம் படித்த நாட்களில் சாட்சியச் சட்டப் புத்தகம் ஒன்றை மூன்று பேர் கூட்டாக வாங்கினோம். பரீட்சைக்கு முந்திய இரவு அது யாரிடம் இருப்பது என்பதுதான் நாம் வாதாடிய முதல் வழக்கு. அதில் தோற்றுப் போனோம்.

பாடநூல் கழகம் மறுபடி காலேஜ் நூல்களைக் கையிலெடுக்கட்டும். தமிழில் மட்டுமின்றி, ஆங்கிலத்தில் படிக்கும் மாணவனுக்காகவும் அச்சிடட்டும். 32-ஏ பிரிவின் கீழ் முதல் மனுவை அதுவே போடட்டும். மதுரை காமராஜர் சர்வகலாசாலையின் பாடத்திட்டக் குழுக்கள், தாங்கள் சிபாரிசு செய்யும் ஒவ்வொரு நூலுக்கு எதிரிலும் அதன் விலையை அச்சிடவேண்டும் என்று ஒரு விதி செய்வதற்குச் செலவு ஒன்றும் கிடையாது.

அதுவரையில், தேனி ஜில்லாக் காலேஜ்களின் ஆசிரியர்களும் மாணவர் சங்கத்தினரும் தத்தம் வகுப்புப் புத்தகங்களின் பெயர், பதிப்பு, விலை, நூல்நிலையத்திலுள்ள பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நமக்கு எழுதியனுப்பினால், கலாசாலைகள் திறக்குமுன் இதே பக்கத்தில் அவற்றை வரிசையாக வெளியிடுவோம்.