தகவல் துளி: சீட்டாட்டத்தில் ஒரு விஞ்ஞானி

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்.' 1987 முதல் 1994 வரை ஏழு சீசன் ஓடிய விண்வெளி சாகசத் தொடர். இதன் ஆறாவது சீசனின் கடைசி எபிசோட் 1993 ஜூனில் ஒளிபரப்பானது. தொடக்கமே ஒரு சீட்டாட்டம்! மேஜையைச் சுற்றி நியூட்டன், ஐன்ஸ்டைன், விண்கப்பல் அதிகாரியான டேட்டா என்ற இயந்திர மனிதன். நான்காவது கை, சக்கர நாற்காலியில் ஸ்டீபன் ஹாக்கிங். மற்ற மூவரும் நடிகர்கள். ஹாக்கிங் மட்டும் நிஜ ஹாக்கிங். ஐன்ஸ்டைன் தாம்தான் ஜெயிக்கப் போகிறோம் என்ற மிதப்பில் இருக்கிறார். ஹாக்கிங் நான்கு ஏழுகளைக் காட்டி ஆட்டத்தைத் தட்டிக்கொண்டு போகிறார். ஸ்டார் டிரெக்கில் தன் பாத்திரத்தில் தானே நடித்தவர் அவர் ஒருவர்தான்.

ஹாக்கிங் என்றால் கருந்துளை. அந்த ஆராய்ச்சிக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் நம் மயிலாப்பூர்வாசி. அங்கே 'சந்திர விலாஸ்' வீட்டில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போதே 19 வயதுப் பையன் கணக்குப் போட்டார்: எரிந்து அடங்கிய நட்சத்திரத்தின் எடை ஒரு வரம்பைத் (இன்றைய கணக்கில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு) தாண்டினால், அது வெண்குறுமீன் என்ற சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக நிலைக்காது, மேலும் சுருங்கும். கருந்துளைக்கு வழி அதுதான். 1935-இல் வானியலாளர் எடிங்டன் இந்தக் கணக்கை விஞ்ஞானிகள் சபையிலேயே கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். அவரையும் அந்தச் சீட்டாட்ட மேஜையில் உட்கார வைத்திருக்கலாம். அப்போது அவர் சிகாகோவில்தான் இருந்தார்.